த்வெய்ட்ஸ் பனித்தட்டு: கணக்கில் 66 மீட்டர், கருவியில் 5 மீட்டர். எங்கே இடிக்குது?

உப்பங்கழி:

அண்டார்க்டிகாவின் அமுண்ட்சென் கடலில் பைன் ஐலண்ட், த்வெய்ட்ஸ் பனியாறுகளுக்கு முன்னால் கண்டத்திட்டில் எடுத்த சி.டி.டி. (ஆழம்தோறும் உப்புத்தன்மையும் வெப்பநிலையும் அளக்கும் கருவி) அளவீடுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆழத்தில் வெப்பநிலை சுமார் +1.0 டிகிரி செல்சியஸ், உப்புத்தன்மை 34.7. போட்ட முறை இது:

வெப்பப் பாய்வு = நீரின் அடர்த்தி (1028) × தன்வெப்பம் (3974) × மாற்று எண் (0.00059; நீரின் சூடு பனிக்குக் கடக்கும் விகிதம்) × நீரோட்ட வேகம் × (நீரின் வெப்பநிலை − உறைநிலை)

வேகம் நொடிக்கு 10 செ.மீ., உறைநிலை −1.9 என்று எடுத்தேன். சதுர மீட்டருக்கு 700 வாட் வந்தது. ஒரு கிலோ பனியை உருக்க 334 கிலோஜூல். பனி −15 டிகிரியில் இருப்பதாக வைத்து அதைச் சூடேற்ற இன்னும் 30 சேர்த்தேன். ஆக, ஆண்டுக்கு 66 மீட்டர் தடிமன் உருக வேண்டும்.

ஆனால் 2020 ஜனவரியில் த்வெய்ட்ஸின் கிழக்குப் பனித்தட்டில் (பனியாறு கடலுக்குள் நீண்டு மிதக்கும் பகுதி) துளை போட்டு அளந்து, 2023இல் நேச்சர் இதழில் வந்த முடிவு ஆண்டுக்கு 2 முதல் 5 மீட்டர் வரைதான். பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம்.

மூன்று சந்தேகம். ஒன்று, என் கணக்கில் எங்கே தப்பு? இரண்டு, உருகுவது இவ்வளவு குறைவு என்றால் பனியாறு ஏன் பின்வாங்கிக்கொண்டே இருக்குது? "அப்போ பயப்பட ஒண்ணுமில்லை" என்று அந்த 5 மீட்டரைக் காட்டிச் சிலர் எழுதுகிறார்கள். மூன்று, கிரீன்லாந்துக்கும் இதே சூத்திரத்தைப் போடலாமா?

கச்சான்காற்று:

முதலில் உறைநிலை. −1.9 என்பது கடல் மேற்பரப்புக்கு. ஆழம் கூடக்கூட அழுத்தத்தால் உறைநிலை இறங்கும், 1000 மீட்டருக்கு முக்கால் டிகிரி. கைக்கணக்குக்கு இதை வைத்துக்கொள்ளுங்க:

உறைநிலை = 0.0832 − 0.0573 × உப்புத்தன்மை − 0.000761 × ஆழம் (மீட்டரில்)

34.7 உப்புக்கு 500 மீட்டரில் −2.29, 1000 மீட்டரில் −2.67. இதைப் போட்டால் உங்க 66 மீட்டர் 75 ஆகிவிடும். தப்பைத் திருத்தினால் இடைவெளி இன்னும் பெரிசாகுது! ஆனால் இதை விட்டுவிடவும் முடியாது. ஆழத்தில் கிடக்கிற பனி மேலே இருப்பதைவிடக் குறைந்த வெப்பநிலையிலேயே உருகும் என்பதால்தான், தரைதொடு கோட்டுக்கு அருகே, அதாவது பனி கடல்தளத்தை விட்டு மிதக்கத் தொடங்கும் ஆழமான இடத்தில், கடலின் பிடி அதிகம். ராஸ், ஃபில்ஷ்னர்-ரோன் மாதிரிக் குளிர்ந்த பனித்தட்டுகளின் அடியில் நுழையும் நீர் −1.9இல்தான் இருக்கும். அதுவே ஆழத்துக்குப் போனால் அங்குள்ள பனிக்கு வெந்நீர்தான். அங்கே உருக்கிவிட்டு, மேலே ஏறும்போது அழுத்தம் குறைந்து, திரும்ப உறைந்து பனித்தட்டின் அடியில் ஒட்டிக்கொள்ளும். இதற்குப் பெயரே பனி பம்ப்.

அடுத்தது மாற்று எண். 0.00059 எங்கிருந்து வந்தது என்று பார்த்தீங்களா? ரோன் பனித்தட்டின் அடியில் அளந்த தரவுக்குப் பொருந்தும்படி 2010இல் எடுத்த எண் அது. அங்கே ஓதம் பலமாக அடிக்கும், நீர் உறைநிலைக்கு ஒட்டியே இருக்கும், பனியின் அடிப்பரப்பை ஒட்டிய நீர் நன்றாகக் கலங்கியிருக்கும். அந்த எண்ணுக்குள் "நீரோட்டம்தான் நீரைக் கலக்குது" என்ற அனுமானம் ஒளிந்திருக்கு. த்வெய்ட்ஸ் தரைதொடு பகுதியில் ஓட்டம் மந்தம், நீர் சூடு. உருகியதும் வரும் நன்னீர் இலேசானது. சமையலறைக் கூரையில் புகை தங்குகிற மாதிரி பனியின் அடியிலேயே தேங்கிவிடும். கீழே இருக்கிற உப்பான சூட்டு நீருக்கும் பனிக்கும் நடுவில் அதுவே மெத்தை. ஓட்டம் பலமாக இருந்தால் இந்த மெத்தை கிழியும், இல்லாவிட்டால் கிழியாது.

ஆக, நீங்க போட்ட +1.0 டிகிரி நீர் பனியைத் தொடுவதே இல்லை. அது கண்டத்திட்டின் பள்ளத்தில், பனிக்கு வெளியே எடுத்த வெப்பநிலை. சூத்திரம் கேட்பது, பனியிலிருந்து சில மீட்டர் தள்ளி, எல்லை அடுக்குக்குச் சற்று வெளியே உள்ள வெப்பநிலையை. த்வெய்ட்ஸ் துளையின் கீழே, பனித்தட்டுக்கும் கடல்தளத்துக்கும் நடுவில் உள்ள நீர்க்குகைக்குள் அளந்தபோது, இருப்பதிலேயே சூடான நீர் உறைநிலைக்கு 2 டிகிரிக்குச் சற்று மேல். அதுவும் கடல்தளத்தை ஒட்டி. பனியை ஒட்டி அதைவிடக் குறைவு.

வேகமும் அப்படித்தான். 10 செ.மீ. என்பது வசதிக்காக எல்லோரும் எடுக்கிற எண். அந்த இடத்தில் சில செ.மீ. தாண்டாது.

நங்கூரம்:

மேலே சொன்னதோடு, அந்த 2–5 மீட்டர் எந்த இடத்து எண் என்பதையும் பார்க்கணும். துளை போட்ட இடத்தில் பனி 590 மீட்டர் தடிமன், தரைதொடு கோட்டிலிருந்து 2 கி.மீ.க்குள். அடிப்பரப்பு தட்டையான இடம். அதே துளை வழியாக இறக்கிய ஐஸ்ஃபின் ரோபோ (நீளம் மூன்றரை மீட்டர், விட்டம் 23 செ.மீ., துளைக்குள் நுழைவதற்காகவே பென்சில் மாதிரி) அக்கம்பக்கம் சுற்றியபோது, அடிப்பரப்பு தட்டையே இல்லை, படிக்கட்டு மாதிரி இருக்கு என்று தெரிந்தது. படியின் தட்டையான பாகத்தில் உருகுநீர் மெத்தை நிற்கும், உருகல் குறைவு. படியின் செங்குத்துச் சுவரில் நன்னீர் நிற்க முடியாமல் வழுக்கி மேலே ஓடிவிடும், சூட்டு நீர் நேரே வந்து மோதும். அங்கே பல மடங்கு உருகல். பிளவுகளுக்குள்ளும் அப்படியே. சுவர் பக்கவாட்டில் அரிக்க அரிக்க, படிக்கட்டு நகர்ந்துகொண்டே போகும்.

ஒரே கருவியை ஒரே இடத்தில் தொங்கவிட்டால் இது தெரியாது. எந்தக் கருவி எதைத் தவறவிடும் என்று சொல்லிவிடுகிறேன், தரவு பயன்படுத்துகிறவர்களுக்கு உதவும்.

ஏப்ரெஸ் என்கிற ரேடார்: பனித்தட்டின் மேலே வைத்து 200 முதல் 400 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு நொடி வீச்சு அனுப்பி, அடிப்பரப்பின் தூரத்தை மில்லிமீட்டர் கணக்கில் காட்டும். ஆனால் தடிமன் குறைந்ததெல்லாம் உருகல் இல்லை. பனித்தட்டு நீண்டு பரவும்போது மெலியும், மேல்பனி இறுகும்போதும் மெலியும். பனிக்குள் இருக்கும் அடுக்குகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கின என்று அதே ரேடாரில் பார்த்து அந்தப் பங்கைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உருகல். இதைக் கழிக்காமல் எண்ணை அப்படியே எடுத்துப் போடுவதுதான் மாணவர் கட்டுரைகளில் அடிக்கடி பார்க்கிற தப்பு. இன்னொன்று, அடிப்பரப்பு படிக்கட்டாக இருந்தால் நேர் கீழிருந்து வரவேண்டிய எதிரொலிக்குப் பதில் பக்கத்துச் சுவரிலிருந்து வரும். கருவி நிற்கும் இடமே தட்டையான பகுதிகளாகத் தேர்ந்து வைக்கப்படுவதால், கிடைக்கும் எண்ணும் தட்டையான பகுதியின் எண்ணாகவே இருக்கும்.

செயற்கைக்கோள்: கடல் மட்டத்துக்கு மேலே எவ்வளவு பனி நீட்டிக்கொண்டிருக்கு என்று அளந்து அதை 9.3ஆல் பெருக்கித் தடிமன் எடுப்பார்கள் (1028ஐ 1028 − 917ஆல் வகுத்தால் வருவது). 10 செ.மீ. உயரப் பிழை தடிமனில் கிட்டத்தட்ட 1 மீட்டர் பிழை. அதைவிட முக்கியம், இந்தப் பெருக்கல் சுதந்திரமாக மிதக்கும் பனிக்கு மட்டும். தரைதொடு கோட்டிலிருந்து முதல் சில கி.மீ. வரை பனி பாதி தரையில் தாங்கி வளைந்து நிற்கும். எந்த இடத்து எண் நமக்கு அதிகம் தேவையோ அங்கேதான் இந்த முறை கவிழும்.

துளை: 80, 90 டிகிரி வெந்நீரைப் பீய்ச்சி 30 செ.மீ. அகலத்துக்கு உருக்கி இறங்குவார்கள். மேலே முதல் சில பத்து மீட்டர் இறுகாத பனி என்பதால் நீர் ஊறிப் போய்விடும். துளை கடலைத் தொட்டதும் உள்ளே நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு வந்து நிற்கும். 590 மீட்டர் பனியில் அது மேற்பரப்பிலிருந்து 60 மீட்டர் வாக்கில் கீழே. பம்பை அதற்கும் கீழே முன்கூட்டியே இறக்கி, மட்டத்தைச் சமன் செய்துவிட்டுத்தான் கடைசி மீட்டரை உடைக்கணும். சமன் செய்யாமல் உடைத்தால் நீர் குபீரென்று பாய்ந்து குழாயையும் கேபிளையும் இழுத்துக்கொண்டு போகும். பிறகு துளை சுற்றுப்புறக் குளிரில் சுருங்க ஆரம்பிக்கும். ஓரிரு நாளுக்கு ஒருமுறை வெந்நீரால் மறுபடி அகலப்படுத்தாவிட்டால் கருவி உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

கப்பலில் எடுக்கும் சி.டி.டி.க்கும் ஒரு சொல்: −20 டிகிரிக் காற்றில் கடத்துதிறன் செல்லுக்குள் (உப்புத்தன்மையை அளக்க உதவும் கண்ணாடிக் குழாய்) மிஞ்சிய நீர் உறைந்தால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். விரியாமல் உள்ளே ஒரு துளி பனி மட்டும் ஒட்டியிருந்தாலும் முதல் பத்து, இருபது மீட்டருக்கு உப்புத்தன்மை குறைவாகக் காட்டும். அதை உருகுநீர் என்று நினைத்துவிடக் கூடாது. இறங்கும்போது எடுத்ததையும் ஏறும்போது எடுத்ததையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்க, தெரிந்துவிடும்.

ஆழ்நீர்77:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். "5 மீட்டர்தானே" என்பது தடிமனைப் பார்த்துச் சொல்வது. பார்க்க வேண்டியது உபரித் தடிமன்.

கடல்தளம் 700 மீட்டர் ஆழத்தில் இருக்கும் இடத்தில் பனி தரையில் உட்கார 785 மீட்டர் தடிமன் வேண்டும் (700 × 1028 ÷ 917). அங்கே 790 மீட்டர் பனி இருந்தால், எழுநூற்றுச் சொச்சம் மீட்டரில் 5 மீட்டர்தான் உபரி. அது போனால் பனி தரையை விட்டு எழும்பும், கோடு பின்னுக்குப் போகும்.

எவ்வளவு பின்னுக்கு? பனியின் மேற்பரப்பு உள்நாட்டை நோக்கி கி.மீ.க்கு 10 மீட்டர் ஏறுது, கடல்தளம் அதே திசையில் கி.மீ.க்கு 20 மீட்டர் இறங்குது என்று ஒரு உதாரணம் வைப்போம். உபரி கி.மீ.க்கு 10 − (0.121 × 20), அதாவது 7.6 மீட்டர் கூடும். 5 மீட்டர் மெலிந்தால் கோடு 660 மீட்டர் போகும். தளம் உள்நோக்கி இறங்காமல் அதே அளவு ஏறினால் 12.4 மீட்டர்; கோடு 400 மீட்டர் போகும். ஒற்றை இலக்க மீட்டரில் மெலிவு, நூற்றுக்கணக்கான மீட்டரில் பின்வாங்கல். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

இதில் ஒரு திருத்தம்: தரையில் உட்கார்ந்திருக்கும் பனியைக் கடல் நேராக உருக்கி மெலிய வைப்பதில்லை. முன்னால் மிதக்கும் தட்டு மெலிந்து பிடிப்பு தளரும்போது, பின்னால் இருக்கும் ஆறு வேகமெடுத்து இழுபட்டு மெலியும். பனித்தட்டு பக்கச் சுவர்களிலும், கடலடி மேடுகளிலும் உரசி நின்று முட்டுக் கொடுக்கும். த்வெய்ட்ஸ் கிழக்குத் தட்டுக்கு அதன் வடமேற்கு முனையில் ஒரு மேடு அப்படித்தான். அந்த முட்டு போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அண்டார்க்டிகாவின் லார்சன் பி பனித்தட்டு சாட்சி. 2002இல் 3250 சதுர கி.மீ. தட்டு சில வாரங்களில் நொறுங்கியது. பின்னால் இருந்த ஹெக்டோரியா, கிரீன், இவான்ஸ் பனியாறுகள் அடுத்த ஆண்டுக்குள் எட்டு மடங்கு வரை வேகமெடுத்தன. (அது முதன்மையாகக் காற்றின் சூட்டில் மேலே குளம் கட்டி, அந்த நீர் பிளவுகளைப் பிளந்ததால் நடந்தது. கடல் செய்தது என்று எழுதுகிறார்கள், தப்பு. முட்டுக்கு உதாரணம் என்ற அளவில் மட்டும் சொல்கிறேன்.)

தளம் உள்நோக்கி இறங்குவது ஏன் பயம் என்றால், மேலே போட்ட 660க்கும் 400க்கும் உள்ள வித்தியாசத்துக்காக இல்லை. தரைதொடு கோட்டைத் தாண்டி வழியும் பனியின் அளவு அங்குள்ள தடிமனின் 4.75ஆவது அடுக்கைப் பொறுத்தது என்று 2007இல் ஷூஃப் கணக்கிட்டுக் காட்டினார். தடிமன் 10 சதவீதம் கூடினால் வழிவது 57 சதவீதம் கூடும். கோடு பின்னுக்குப் போகப் போகத் தளம் ஆழம், பனி தடிமன், வழிவது அதிகம், அதனால் இன்னும் பின்னுக்கு. பக்கச் சுவரின் முட்டு இல்லாத ஒரு வெட்டுமுகத்துக்கான கணக்கு அது. உண்மையான பனியாற்றில் முட்டு இருப்பதால் அப்படியே பொருந்தாது. ஆனால் திசை அதுதான்.

பனிச்செங்குத்து தானே இடிந்து விழும் என்ற இன்னொரு கொள்கை 2016இல் பெரிதாகப் பேசப்பட்டது, நூற்றாண்டு முடிவில் கடல் மட்டம் ஒரு மீட்டருக்கு மேல் ஏறும் என்ற எண்ணெல்லாம் அதிலிருந்து வந்தது. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. 2024இல் த்வெய்ட்ஸுக்கே தனியாகக் கணினி மாதிரி ஓட்டிப் பார்த்ததில் இந்த நூற்றாண்டுக்குள் அப்படி நடக்கும் அறிகுறி வரவில்லை. அதற்காகப் பின்வாங்கல் நிற்கும் என்று அர்த்தம் இல்லை, அது மேலே சொன்ன வழியில் நடந்துகொண்டே இருக்கும்.

உப்பங்கழி:

மிக்க நன்றி. கச்சான்காற்று சொன்னபடி திரும்பப் போட்டேன். பனியை ஒட்டி உறைநிலைக்கு மேல் 1.5 டிகிரி, வேகம் 2 செ.மீ. என்று வைத்தால் சதுர மீட்டருக்கு 72 வாட், ஆண்டுக்கு 6.8 மீட்டர். 66இலிருந்து இங்கே வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் மேலேதான் நிற்குது.

ஒரு துணைக்கேள்வி. கடல் சூடாகுது என்கிறோம். அமுண்ட்சென் கடலின் அந்த ஆழ்நீர் எத்தனை டிகிரி சூடாகியிருக்கு?

கச்சான்காற்று:

மிஞ்சிய அந்த ஒன்றரை, இரண்டு மீட்டர்தான் நன்னீர் மெத்தையின் விளைவு. சூத்திரத்தில் மெத்தைக்கு இடமே இல்லை, எண்ணைக் குறைத்துப் பொருத்தலாம், ஆனால் அது ஒட்டுப்போடுவது. மந்தமான நீரில் இந்தச் சூத்திரம் எப்போதும் மேலே தான் காட்டும் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்க.

துணைக்கேள்வி நல்ல கேள்வி, பலர் இடறுகிற இடம். அங்கே நீரின் சூடு கூடியதைவிட, சூட்டு நீர் எவ்வளவு தடிமனாக உள்ளே வருது என்பதுதான் கதை. +1 டிகிரி நீர் கண்டத்துக்கு வெளியே ஆழத்தில் எப்போதும் இருந்தது. பழைய பனியாறுகள் உழுதுவிட்டுப் போன பள்ளங்கள் வழியாக அது கண்டத்திட்டுக்கு ஏறி வரும். ஏறுவதா வேண்டாமா என்பதைத் திட்டின் விளிம்பில் அடிக்கும் காற்று தீர்மானிக்கும். மேற்கிலிருந்து காற்று பலமானால் சூட்டு அடுக்கு தடித்து, குளிர் நீருக்கும் சூட்டு நீருக்கும் நடுவில் உள்ள எல்லை மேலே எழும்பும்.

பைன் ஐலண்ட் இதற்கு ரெண்டு பக்கமும் சாட்சி. 1994க்கும் 2009க்கும் நடுவில் அதன் அடி உருகல் 50 சதவீதம் கூடியது. ஆனால் 2010ஐ ஒப்பிட்டால் 2012இல் பாதியாகக் குறைந்தது. அந்த எல்லை 250 மீட்டர் கீழே இறங்கியதுதான் காரணம். பனித்தட்டின் அடியில் ஒரு கடலடி மேடு குறுக்கே கிடக்கு, 2009இல் ஆட்டோசப் என்ற நீர்மூழ்கி உள்ளே போய்க் கண்டது. எல்லை அந்த மேட்டின் உச்சிக்குக் கீழே இறங்கினால் சூட்டு நீர் தாண்ட முடியாது. அணை மதகு மாதிரி.

அந்த மேட்டைவிட்டுப் பனி கழன்றது எப்போது என்று அடியிலுள்ள வண்டலைத் தோண்டிப் பார்த்தார்கள். 1940களில் தொடங்கியிருக்கு, 1939–42 எல் நினோவை ஒட்டி. எல் நினோ போய்விட்டது, பனி திரும்பி வந்து மேட்டில் உட்காரவில்லை. இதனால் "அப்போ மனிதர்கள் காரணமில்லை" என்று ஒரு கூட்டம் கிளம்பும். அதற்குப் பதில்: காற்று பத்தாண்டுக்கு ஒருமுறை முன்னும் பின்னும் ஆடும், அந்த ஆட்டம் இயற்கை. அந்த ஆட்டத்துக்கு அடியில் நூறாண்டுப் போக்கு ஒன்று மேற்குக் காற்றின் பக்கம் சாய்ந்துகொண்டே போவதற்குப் பசுமை இல்ல வாயுக்கள் காரணம் என்று 2019இல் வந்த ஆய்வு சொல்லுது. 2023இல் வந்த இன்னொன்று, உமிழ்வை எவ்வளவு குறைத்தாலும் இந்த நூற்றாண்டில் அமுண்ட்சென் கடலின் சூடேற்றம் கடந்த நூற்றாண்டைப்போல மூன்று மடங்கு வேகத்தில் போகும் என்றது. உமிழ்வைக் குறைப்பதன் பலன் மற்ற பகுதிகளிலும் அடுத்த நூற்றாண்டிலும்தான் தெரியும்.

கொண்டல்:

மூன்றாவது கேள்வி. கிரீன்லாந்துக்கு அந்தச் சூத்திரத்தை அப்படியே போடாதீங்க.

அங்கே பெரும்பாலான பனியாறுகளுக்கு மிதக்கும் தட்டு கிடையாது. ஃபியோர்டுக்குள் (பனியாறு குடைந்த ஒடுக்கமான கடல் நுழைவாய்) செங்குத்துச் சுவராக வந்து நிற்கும். கோடையில் மேலே உருகிய நீர் குழிகள் வழியே பனியாற்றின் அடிக்குப் போய், சுவரின் காலடியில் பல நூறு மீட்டர் ஆழத்தில் கடலுக்குள் கொப்பளிக்கும். நன்னீர் இலேசு, சுவரை உரசியபடி மேலே பாயும். போகும் வழியில் ஆழத்து அட்லாண்டிக் சூட்டு நீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அண்டார்க்டிகாவில் நன்னீர் மெத்தையாகிக் காப்பாற்றியது என்று பார்த்தோம். இங்கே அதே நன்னீர் துருத்தியாகிவிடுது.

கணக்குக்கு: உருகல், கடலின் உபரி வெப்பத்துக்கு (உறைநிலைக்கு மேல் உள்ள வெப்பநிலை) நேர்விகிதம், அடியிலிருந்து வரும் நன்னீரின் அளவுக்கு மூன்றாம் மூலத்தின் விகிதம். நன்னீர் எட்டு மடங்கானால் உருகல் இரட்டிக்கும். உபரி வெப்பம் இரட்டித்தாலும் உருகல் இரட்டிக்கும். அதனால் காற்றின் சூடும் கடலின் சூடும் ஒன்றை ஒன்று பெருக்கும். ஆனால் இந்தக் கணக்கு, மேலே பாயும் அந்த நீர் சுவரைத் தொடும் இடத்துக்கு மட்டும். மற்ற சுவரில் உருகல் மிகக் குறைவு என்று நெடுநாள் நம்பினார்கள். அலாஸ்காவின் லகான்ட் பனியாற்றில் சோனார் வைத்து அளந்து 2019இல் வெளியிட்டபோது, கணக்கு சொன்னதைவிட நூறு மடங்கு வரை கூடுதல் என்று தெரிந்தது. ஆக, அண்டார்க்டிகாவில் தட்டையான கூரைக்குச் சூத்திரம் கூடுதலாகக் காட்டுது, இங்கே செங்குத்துச் சுவருக்குக் குறைவாகக் காட்டுது.

யாகப்ஸ்ஹவன் பனியாறு பாடப்புத்தக உதாரணம். 1997இல் சூட்டு நீர் டிஸ்கோ வளைகுடாவுக்குள் வந்தது. 1992இல் ஆண்டுக்கு 5.7 கி.மீ. ஓடிக்கொண்டிருந்த பனியாறு 2003இல் 12.6 கி.மீ. ஓடியது. மிதக்கும் நாக்கு முழுசும் போயிற்று. பிறகு 2016இல் அந்த நீர் 1980களுக்குப் பிறகு காணாத அளவு குளிர்ந்தது. பனியாறு வேகம் குறைந்து தடிக்கவும் செய்தது. நாசாவின் ஓ.எம்.ஜி. திட்டம் அப்போதுதான் ஆண்டுதோறும் விமானத்திலிருந்து சுமார் 250 உணர்விகளைக் கிரீன்லாந்தைச் சுற்றிக் கடலில் போட்டுக்கொண்டிருந்தது, அதனால் காரணம் தெரிந்தது. இல்லாவிட்டால் "பனி வளருது, சூடேற்றம் பொய்" என்ற ஒற்றை வரி மட்டும் மிஞ்சியிருக்கும். தடித்த காலத்திலும் அந்த ஆறு பனிப்பொழிவு கொடுத்ததைவிட அதிகமாகக் கடலில் கொட்டிக்கொண்டுதான் இருந்தது.

பல ஃபியோர்டுகளுக்கு வாசலில் கடலடியில் ஒரு வரப்பு இருக்கும். யாகப்ஸ்ஹவன் வந்து முடியும் இலுலிசாட் ஃபியோர்டின் வரப்பு 250 மீட்டர் வாக்கில். உள்ளே ஆழம் 800 மீட்டர் இருந்தாலும், வரப்பைத் தாண்டி வரும் நீர்தான் உள்ளே நிரம்பும். அதனால் ஃபியோர்டுக்கு வெளியே எடுத்த தரவில், வரப்பின் ஆழத்தில் உள்ள வெப்பநிலையை எடுங்க. 500 மீட்டரில் உள்ளதை எடுத்தால் உள்ளே வராத நீரை வைத்துக் கணக்குப் போட்ட மாதிரி ஆகும்.

நம்ம ஊர்த் தொடர்பு ஒன்று: சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் பங்கெடுத்து உருவாக்கிய இண்டார்க் என்ற நங்கூரமிட்ட கருவித் தொகுதி 2014 ஜூலையில் ஆர்க்டிக்கில் உள்ள ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் கோங்ஸ்ஃபியோர்டில் 192 மீட்டர் ஆழத்தில் இறக்கப்பட்டது. அந்த ஃபியோர்டில் முடியும் க்ரோனபிரீன் உள்ளிட்ட பனியாறுகளில், 20 முதல் 60 மீட்டர் ஆழத்து நீரின் வெப்பநிலை கூடக்கூடப் பனி உடைந்து விழுவது ஏறக்குறைய அதே போக்கில் கூடியதாக 2015இல் காட்டினார்கள். நீர் அடியை அரிக்கும், மேலே தொங்கும் பனி விழும். வகுப்பில் காட்டுவதற்கு இதைவிடத் தெளிவான படம் வேண்டாம்.

நங்கூரம்:

இங்கே வாசிக்கிறவர்கள் கட்டாயம் கேட்பார்கள் என்பதால்: மிதக்கும் பனித்தட்டு உருகினால் கடல் மட்டம் கிட்டத்தட்ட ஏறாது. நன்னீர் இலேசானது என்பதால் அதன் பருமனில் 3 சதவீதத்துக்கும் குறைவாக ஒரு ஏற்றம், அவ்வளவே. தரையில் இருந்த பனி கடலுக்குள் இறங்குவதுதான் கணக்கு. 360 ஜிகாடன் இறங்கினால் உலகச் சராசரி 1 மி.மீ. ஏறும். 1992 முதல் 2020 வரை கிரீன்லாந்து 13.6, அண்டார்க்டிகா 7.4 மி.மீ. கொடுத்திருக்கு. த்வெய்ட்ஸ் முழுசும் போனால் 65 செ.மீ.

இந்த ஏற்றம் எல்லாக் கரையிலும் ஒன்றாக இருக்காது. பனி இருந்த இடம் கடலை ஈர்த்து வைத்திருந்தது; பனி போனால் அங்கே கடல் மட்டம் இறங்கி, தொலைவில் சராசரிக்கு மேல் ஏறும். அண்டார்க்டிகா உருகுவதில் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் கிடைப்பது சராசரிக்குச் சற்று மேலான பங்கு.

அப்புறம் "அண்டார்க்டிகா" என்று மொத்தமாகப் பேசாதீங்க. ராஸ், ஃபில்ஷ்னர், ரோன் மூன்றும் பனித்தட்டுப் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு, அடி உருகலில் 15 சதவீதம். தென்கிழக்குப் பசிபிக்கை ஒட்டிய பத்துச் சின்னத் தட்டுகள் பரப்பில் 8 சதவீதம், உருகுநீரில் பாதி. 2013இல் வந்த கணக்கு இது.

உப்பங்கழி:

தெளிவாயிற்று. கடைசியாக ஒன்று: என்னிடம் இருக்கும் தரவில் எந்த ஆழத்து நீர் ஏற்கனவே பனியைத் தொட்டுவிட்டு வந்தது, எது புதிதாக உள்ளே போகும் நீர் என்று பிரிக்க வழி இருக்கா?

கச்சான்காற்று:

இருக்கு. உப்புத்தன்மையைக் கிடையாகவும் வெப்பநிலையை நெடுகவும் வைத்து வரைபடம் போடுங்க. வெப்பநிலைக்கு அழுத்தம் நீக்கிய மதிப்பை எடுங்க. +1.0, 34.7 என்ற புள்ளியிலிருந்து, உப்பு 1 அலகு குறைந்தால் வெப்பநிலை இரண்டரை டிகிரி குறையும்படி ஒரு கோடு கீழே இழுங்க. பனி உருகும்போது வெப்பத்தைக் கடல்நீரிடமிருந்தே எடுப்பதால் கலவை இந்தக் கோட்டில்தான் நகரும். 100 கிலோவில் 1 கிலோ உருகுநீர் கலந்தால் +1.0 டிகிரி +0.1க்கு வரும், உப்பு 34.35க்கு வரும். உங்க புள்ளிகளில் இந்தக் கோட்டை ஒட்டி விழுபவை பனித்தட்டின் அடியிலிருந்து திரும்பி வரும் நீர், பெரும்பாலும் 200 முதல் 500 மீட்டர் வரை.

மேல் 100, 150 மீட்டரை விட்டுவிடுங்க. அங்கே வெயிலும் கடல்மேல் பனி உருகுவதும் சேர்ந்து புள்ளிகள் கோட்டைவிட்டு விலகும். கோட்டுக்கு வலப்பக்கம் கீழே, −1.8ஐ ஒட்டிக் கும்பலாகக் கிடந்தால் அது குளிர்காலத்து மேல்நீர், உருகுநீர் இல்லை. ஒரே நிலையத்தை வைத்து முடிவு செய்யாமல் பனித்தட்டின் கிழக்கு ஓரத்தையும் மேற்கு ஓரத்தையும் தனித்தனியாகப் போடுங்க. தெற்கு அரைக்கோளத்தில் பூமியின் சுழற்சி ஓட்டத்தை இடப்பக்கம் தள்ளும். வடக்கே பார்த்த தட்டின் அடியிலிருந்து வெளியே வரும் நீர் மேற்கு ஓரமாகத்தான் வரும்.